நரம்பு பயொப்ஸி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை: மலையகக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

கால் விறைக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று கிளினிக்குக்குப் போகிறவர்களில் சிலரிடம், "நரம்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் சொல்வதுண்டு. இதைத்தான் நரம்பு பயொப்ஸி என்கிறார்கள். அதைக் கேட்ட குடும்பத்துக்கு அன்றிரவு தூக்கம் வராது. ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டி எடுத்த நரம்பு திரும்ப வளர்வதில்லை. ஆகவே கேட்டும், தொட்டும், இரத்தம் எடுத்தும் அறியக்கூடியதையெல்லாம் அறிந்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் இரண்டொரு நோய்களில் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. அந்த வித்தியாசம் நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புற நரம்பு நோய் என்றால் என்ன? ஏன் பாதத்தில்தான் முதலில் தொடங்குகிறது?

மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் வெளியே கை, கால், தோல், தசை எங்கும் ஓடும் நரம்புகள் கெடுவதைத்தான் புற நரம்பு நோய் என்கிறோம். தொடு உணர்வு, சூடு, வலி, தசையின் பலம், சில நேரம் வியர்வையும் குருதி அழுத்தமும்கூட இதில் பாதிக்கப்படும்.

உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் கால் விரல்வரை போகிறவை. மேட்டிலிருக்கும் தாங்கியில் தண்ணீர் குறைந்தால் லயத்துக் கடைசி வீட்டுப் பைப்புதானே முதலில் வற்றும்? சீனி வியாதி, விற்றமின் குறைபாடு, மதுபானம் போன்றவை எல்லா நரம்பையும் ஒரே சீராகத் தாக்கும்போது இதேபோலத்தான் நடக்கிறது. இரண்டு கால் விரல்களிலும் சேர்ந்தே தொடங்கி, மெல்ல மெல்ல முழங்கால் பக்கம் ஏறி, பிறகு கை விரலுக்கு வரும். இந்தப் போக்கை மறந்துவிடாதீர்கள். இதற்கு மாறாக ஒரு பக்கம் மட்டும், அல்லது இங்கொன்று அங்கொன்றாக வந்தால் வைத்தியர் வேறு விதமாக யோசிக்கத் தொடங்குவார்.

அப்பாவுக்குப் பல வருசமாகச் சீனி வியாதி. இப்போது இரண்டு பாதமும் எரிகிறது. பயொப்ஸி செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நீண்ட காலச் சீனி வியாதி, இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரியான எரிவு, மெதுவான போக்கு என்றால் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. துண்டு எடுத்துப் பார்த்தாலும் மருந்து மாறப்போவதில்லை. சீனி வியாதிக்காரரின் கணுக்காலில் போட்ட வெட்டு ஆறுவதற்கும் நாளாகும்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். சீனி வியாதிக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் குளிசையை நீண்ட காலம் பாவிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாடும் காலை விறைக்கச் செய்யும். சீனியால்தான் என்று விட்டுவிட்டால், ஊசியாலோ குளிசையாலோ சரிப்படுத்தக்கூடிய ஒரு காரணம் தப்பிவிடும்.

பயொப்ஸிக்கு முன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும்?

முதலில் பேச்சு. எப்போது தொடங்கியது, எந்தக் கால், வேகமாகப் பரவியதா, என்ன வேலை, என்ன சாப்பாடு, என்ன மருந்து, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் கிளினிக்கில் இத்தனைக்கும் நேரம் கிடைக்காது. அதனால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாவிக்கும் குளிசைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் நரம்பைக் கெடுக்கக்கூடியது. அதைத் தடுக்கத்தான் கூடவே விற்றமின் பி6 கொடுக்கிறார்கள். சில புற்றுநோய் மருந்துகளும் இப்படித்தான்.

சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கறியும், மீன் எப்போதாவது ஒரு நாள் என்று வாழும் வீட்டில் இந்தக் குறைபாடு வருவதில் வியப்பில்லை. கசிப்பு குடிப்பவர் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். மதுவும், அதனோடு சேர்ந்து வரும் விற்றமின் பி1 குறைபாடும் நரம்பைத் தின்றுவிடும்.

அடுத்தது வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பது. இதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. முழங்கையின் உட்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், கழுத்தின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். தடித்திருந்தால் தொழுநோயும் சில பரம்பரை நோய்களும் நினைவுக்கு வரும். தோலில் நிறம் வெளிறிய, உணர்வற்ற தழும்பு இருக்கிறதா என்று முதுகுவரை பார்க்க வேண்டும். பெண்கள் கூச்சத்தால் காட்டாமல் வந்துவிடுகிறார்கள். பெண் வைத்தியரையோ தாதியையோ கூட வைத்துக்கொள்ளும்படி கேட்கலாம்.

பிறகு இரத்தப் பரிசோதனைகள்: சீனி, பி12, சிறுநீரகம், ஈரல், தைரொயிட், ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), தேவைப்பட்டால் எச்.ஐ.வி. மற்றும் இரத்தப் புரதங்கள். எல்லாம் முடிந்து நரம்புக் கடத்தல் பரிசோதனை. தோலின் மேல் சிறு மின்சாரத் துடிப்புகளைக் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகக் கடத்துகிறது என்று அளப்பார்கள். கொஞ்சம் சுண்டியிழுப்பதுபோல இருக்கும், காயம் எதுவும் ஆகாது. நரம்பின் உட்தண்டு கெட்டிருக்கிறதா, அதைச் சுற்றிய மயலின் உறை கெட்டிருக்கிறதா என்பது இதில் தெரியவரும். எந்த நரம்பில் துண்டு எடுத்தால் பயன் கிடைக்கும் என்பதும் இதில்தான் முடிவாகும். இந்தப் பரிசோதனை செய்யாமல் நேராகப் பயொப்ஸி என்றால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்கு இந்த நோய் வருமா?

வரலாம். ஓர்கனோபொஸ்பரசு வகையைச் சேர்ந்த சில நச்சுகள் பெருமளவு உடம்புக்குள் போனால், அப்போதைக்குப் பிழைத்தவருக்கும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் பலவீனமாகலாம். மருந்தடித்த நாள், மருந்தின் பெயர், கையுறை இருந்ததா என்பதெல்லாம் வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

மலையகத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது. 1977, 1978 காலத்தில் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கை கால் நரம்புகள் திடீரெனச் செயலிழந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் சேனாநாயக்கவும், ஜே. ஜெயரத்தினம் என்ற ஆய்வாளரும் ஆராய்ந்து, 1981-இல் காரணத்தை வெளியிட்டார்கள். பெரிய பிள்ளையானவர்களுக்குச் சடங்குக் காலத்தில் பத்தியமாகக் கொடுக்கும் நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற நச்சு கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு வந்தபோது அது கலந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. நம் பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது என்று ஆசையாய்க் கொடுத்ததே நஞ்சானது. நரம்பை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்திருந்தால் நரம்பு கெட்டது தெரிந்திருக்கும். எண்ணெய் என்று தெரிந்திருக்காது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட கேள்விதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் யாருக்குத்தான் இந்தப் பரிசோதனை தேவை?

முதலாவது, இரத்தக் குழாய் அழற்சி என்ற சந்தேகம் உள்ளவர்கள். நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் வீங்கி அடைபட்டு, நரம்பு செத்துப்போகும் நோய் இது. ஒரு நாள் வலது பாதம் வலியோடு தொங்கிவிடும். சில வாரம் கழித்து இடது கை மணிக்கட்டு விழும். காய்ச்சல், மெலிவு, தோலில் செந்நிறப் புள்ளிகளும் சேரலாம். இதற்கு ஸ்டெரொயிட்டும், நோய் கடுமையாக இருந்தால் சைக்ளோபொஸ்பமைட் போன்ற வலுவான மருந்துகளும் தேவை. அப்படிப்பட்ட மருந்தை ஊகத்தில் மாதக்கணக்காகக் கொடுக்க எந்த வைத்தியரும் தயங்குவார். ஆகவே துண்டு எடுத்து உறுதிப்படுத்துகிறார்கள். இங்கே நாளைக் கடத்தக்கூடாது. திருவிழா முடியட்டும், கொழுந்து சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அடுத்த கையோ காலோ போய்விடும். சிறுநீரகத்திலோ தோலிலோ எடுத்த துண்டில் ஏற்கெனவே இந்த நோய் உறுதியாகிவிட்டால் நரம்பைத் தொடத் தேவையில்லை.

இரண்டாவது, தோலில் அடையாளம் எதுவும் இல்லாமல் நரம்பில் மட்டும் ஒளிந்திருக்கும் தொழுநோய். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

அமிலொயிட் என்ற புரதம் நரம்பில் படிவது, உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உண்டாகும் சார்கொயிட் நோய், நரம்புக்குள் ஊடுருவிய நிணநீர்ப் புற்று, வழக்கமான பரிசோதனைகளுக்குப் பிடிபடாத மயலின் அழற்சி நோய்கள் ஆகியவை எஞ்சியவை. சார்கோ-மாரி-டூத் போன்ற பரம்பரை நோய்களுக்கு முன்பெல்லாம் துண்டு எடுத்தார்கள். இன்று மரபணுப் பரிசோதனை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

சில நாட்களுக்குள் கால் இரண்டும் பலமிழந்து, கை, மூச்சு என்று ஏறினால் அது கிளான்-பாரே நோயாக இருக்கலாம். அதற்குப் பயொப்ஸி தேவையில்லை. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

தொழுநோய் என்று சந்தேகப்படுகிறார்கள். தோட்டத்தில் தெரிந்தால் எங்கள் குடும்பத்தை ஒதுக்கிவிடுவார்களே?

இந்தப் பயம்தான் நோயைவிட அதிகம் கை கால்களை முடமாக்கியிருக்கிறது. இலங்கை 1995-இலேயே, தேசிய அளவில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்குக் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆனாலும் நோய் முற்றாகப் போய்விடவில்லை. ஆண்டுதோறும் புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். ரிஃபாம்பிசின், டப்சோன், குளோபசிமின் ஆகிய மருந்துகளை, நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ எடுக்க வேண்டும். தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். சாப்பாட்டுக் கோப்பையைப் பிரிக்கவோ, தனி அறையில் படுக்க வைக்கவோ வேண்டாம். வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிக்கக் கொண்டுபோங்கள்.

தோலில் தழும்பு இருந்தால் அதிலிருந்து எடுக்கும் தோல் துண்டும், காதுமடல் போன்ற இடங்களில் கீறி எடுக்கும் சாறும் போதுமாக இருக்கும். தழும்பே இல்லாமல், தடித்த நரம்பும் விறைத்த விரல்களும் மட்டும் இருக்கும்போதுதான் நரம்புத் துண்டு தேவைப்படுகிறது. அப்போது நோயுள்ள உணர்வு நரம்பின் சிறு கிளை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். கையை அசைக்கும் பெரிய நரம்பில் கை வைக்க மாட்டார்கள்.

காலத்தின் அருமை இங்கேயும் உண்டு. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டெரொயிட் சிகிச்சை தொடங்கினால் பலம் திரும்பி வர நல்ல வாய்ப்புண்டு. அயலவருக்குப் பயந்து ஒரு வருடம் மறைத்து வைத்த பிறகு விரல் மடங்கிப்போனால், கிருமியைக் கொல்லலாமே தவிர விரலை நிமிர்த்துவது கடினம். தோட்டத் தலைவர்மாரும் கோயில் கமிட்டிக்காரர்களும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நரம்பை எடுப்பார்கள்? கால் விளங்காமல் போய்விடாதா?

வழக்கமாக எடுப்பது சூரல் நரம்பு. வெளிக் கணுக்காலுக்கும் குதிகாலின் பின்பக்கத்துக்கும் நடுவே, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. அது பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு. தசையை அசைக்கும் வேலை அதற்கு இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கால் விளங்காமல் போகாது. நடை மாறாது.

இரத்தக் குழாய் அழற்சி என்று சந்தேகம் இருந்தால் கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பையும், அதே வெட்டுக்குள்ளேயே பக்கத்துத் தசையில் ஒரு துளியையும் சேர்த்து எடுப்பதுண்டு. நோய் இடைவெளி விட்டுவிட்டுப் பரவுவதால் இரண்டு இடத்தில் தேடினால் அகப்படும் வாய்ப்பு கூடும்.

வலிக்குமா?

மயக்க மருந்து தேவையில்லை, அந்த இடத்தை மட்டும் விறைக்க ஊசி போடுவார்கள். சில சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, நரம்பைத் தேடிப் பிரித்து, ஒரு துண்டை எடுத்துத் தைத்துவிடுவார்கள். நரம்பை வெட்டும் அந்த ஒரு கணத்தில் மின்சாரம் அடித்ததுபோல ஒரு வலி பாதத்துக்கு ஓடலாம். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளி பயப்பட மாட்டார். சொல்லாமல் விடுவது சரியில்லை.

வார்ஃபரின், குளோபிடோக்ரல், அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகள் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிறகு என்ன தொல்லைகள் வரலாம்?

பாதத்தின் வெளி ஓரம் விறைத்திருக்கும். இது எல்லோருக்கும் வருவது, ஏற்கெனவே அங்கே உணர்வில்லாதவர் மட்டும் புதிதாக எதையும் உணரமாட்டார். பக்கத்து நரம்புகள் கிளை விடுவதால் அந்த விறைத்த இடம் மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்கும். முற்றாக மறையும் என்று வாக்களிக்க முடியாது.

சிலருக்கு அந்த இடத்தில் எரிவோ சுண்டலோ நீண்ட நாள் நிற்கும். காயத்தில் சீழ் பிடிக்கலாம், ஆறத் தாமதமாகலாம். புகைப்பவர்களுக்கும், கால் வீக்கம் உள்ளவர்களுக்கும், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இது கூடுதல். காயம் சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

தையல் வெட்ட ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள். அதுவரை மலை ஏறிக் கொழுந்து எடுக்கக்கூடாது. மட்டமான தரையில் மெதுவாக நடக்கலாம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். மழையிலும் சேற்றிலும் நின்றால், அட்டை கடித்தால், காயம் கெடும். பேர் (நாள் சம்பளம்) விழாத நாட்களை நினைத்து மூன்றாம் நாளே மலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் மனம் எனக்கு இல்லை. வீடு திரும்பும் முன்னரே மெடிக்கல் சான்றிதழை எழுதி வாங்குங்கள், தோட்டத்தில் இலகுவான வேலை கேட்கவும் அது உதவும்.

எங்கே செய்கிறார்கள்? மொழி தெரியாதே?

தோட்டத்து டிஸ்பென்சரியிலோ சிறு ஆஸ்பத்திரியிலோ செய்வதில்லை. நரம்பியல் நிபுணர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மத்திய மலைநாட்டில் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவது வழக்கம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. ஆனால் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் தையல் போட்ட காலோடு அதே நாளில் பஸ்ஸில் திரும்புவது கொடுமை. கண்டியில் தங்க உறவினர் வீடு இருந்தால் பேசி வையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் வார்ட்டில் தங்க முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். சிங்களம் தெரிந்த மகனோ மகளோ கூடப் போனால் நல்லது. சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாயின் நோயைப் பற்றிய செய்தியை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது நியாயமில்லை. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: "இதில் வரும் முடிவால் என் சிகிச்சை எப்படி மாறும்?" தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் சம்மதியுங்கள்.

ஏன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகின்றன?

எடுத்த துண்டை நசுக்காமல், நேராக வைத்து, பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி போர்மலினுக்கு, ஒரு பகுதி குளுட்டரல்டிஹைட்டுக்கு (இரண்டும் துண்டு கெடாமல் காக்கும் திரவங்கள்), ஒரு பகுதியை உறைய வைப்பதுமுண்டு. ஒவ்வொன்றையும் வெவ்வேறு முறையில் மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்ற வேண்டும். அமிலொயிட்டைக் கொங்கோ சிவப்புச் சாயம் காட்டும். முனைவாக்கிய ஒளியில் அது பச்சையாக மின்னும். தொழுநோய்க் கிருமிக்கு வேறு சாயம். மயலின் உறையைப் பார்க்க இன்னொன்று. நரம்பு நோயியலில் பழகிய கண்கள் இதைப் பார்க்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் நாட்டில் அதிகம் இல்லை.

தோலில் சின்னத் துண்டு எடுத்தாலே போதும் என்று சொல்கிறார்களே?

அது வேறு நோய்க்கு. எரிவும் குத்தலும் கடுமையாக இருந்தும் நரம்புக் கடத்தல் பரிசோதனை சரியாக வரும் சிலர் உண்டு. அவர்களுக்குக் கெட்டிருப்பது மிக நுண்ணிய நரம்பு இழைகள். கணுக்காலுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில், 3 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தோல் எடுத்து இழைகளை எண்ணுவார்கள். எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பது தெரியும். ஏன் குறைந்தன என்பது பெரும்பாலும் தெரியாது.

விறைத்த காலுக்கு அடுப்பில் சூடு காட்டலாமா?

வேண்டாம். குளிர் நாட்களில் அடுப்படியில் காலை நீட்டியும், கொதிநீரில் வைத்தும் தோல் வெந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். தண்ணீரின் சூட்டை உணர்வுள்ள ஒருவர் முழங்கையால் பார்க்கட்டும்.

துண்டு எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால்?

அப்படி வருவதுண்டு. இரத்தக் குழாய் அழற்சி இருந்தும் எடுத்த அந்தச் சிறு துண்டில் அது அகப்படாமல் போகலாம். "நரம்பு இழைகள் குறைந்துள்ளன, காரணம் தெளிவில்லை" என்ற வரியோடு அறிக்கை வந்தால், நோயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நிபுணர் பழைய அறிகுறிகளோடும் இரத்தப் பரிசோதனையோடும் சேர்த்து வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வலுவாக இருந்தால் சிகிச்சையைத் தொடங்குவார், இல்லையென்றால் சில மாதம் கழித்து நரம்புக் கடத்தல் பரிசோதனையை மறுபடி செய்து நோய் நகர்கிறதா என்று பார்ப்பார்.

மெழுகில் பதித்த அந்தத் துண்டை ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். வேறு நிபுணர் மறுபடி பார்க்கவும், புதிதாக ஒரு சாயம் போட்டுப் பார்க்கவும் முடியும். அதற்கு அறிக்கையிலுள்ள ஆய்வுகூட இலக்கம் வேண்டும். அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து, மழை நனையாத பொலித்தீன் உறையில் வைத்திருங்கள்.